வாசலைப் பார்த்த சப்பாத்து

மாமியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் லண்டன் குட்மேய்ஸில் பாதிச் சனம் "ஓ, அவவோ!" என்று கதை தொடங்கிவிடும். மற்றப் பாதிச் சனம் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கும். எங்கள் வீட்டுக்கு இடப்பக்கத்து வீட்டில் இருந்தவர். உறவில்லை, ஊரே மாமி என்றது, நானும் மாமி என்றேன். ஊதா நிறத்தில் முழங்கால் வரைக்கும் ஒரு கோட். மாரி கோடை என்று பேதமில்லை, அந்தக் கோட்தான். வேலிக்கு மேலால் ஊதா அசைந்தால் நான் உடனே திரையை இழுத்துவிடுவேன். அந்த மனிசி பார்க்கிற பார்வை அப்படி. ஒரு வீட்டுக்கு வந்தால் சுவரில் என்ன படம், தரையில் என்ன விரிப்பு என்று பார்க்கிறதில்லை. கதவைப் பார்ப்பார்.

நான் கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய முதற்கிழமை அது. இவர் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் ஊதாக் கோட்.

"நான் பக்கத்து வீடு. கோட் இருக்கோ பிள்ளை? போட்டுக்கொண்டு வா."

பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. எங்கள் ஆட்களில் ஊர் கேட்காமல் கதை தொடங்குகிற ஒருவரை அன்றுதான் கண்டேன். இவருக்குச் சொந்தமாக்கும் என்று நினைத்துப் பின்னால் போனேன். கடைக்குப் போகவில்லை, கோயிலுக்குப் போகவில்லை. நேரே குட்மேய்ஸ் ஸ்ரேசன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இதுதான் ஸ்ரேசன். இப்ப நீ முன்னுக்கு நட. வீட்டைக் கண்டுபிடி."

குளிரில் காது விறைத்துப்போனது. ஒரு முடக்கில் பிழையாகத் திரும்பினேன். மாமி வாயே திறக்கவில்லை, பின்னால் வந்தபடி இருந்தார். நானே தட்டுத்தடுமாறி வீட்டைப் பிடித்ததும் "சரி" என்றார். தன் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். உள்ளே வாங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட விடவில்லை.

பின்னேரம் இவர் வந்ததும் சொன்னேன். இவர் முகத்தைச் சுளித்தார். "உந்த மனிசியோடை கவனமா இரும். குடும்பம் பிரிக்கிற ஆள் எண்டு சனம் கதைக்குது."

அன்றைக்குப் பிடித்த சந்தேகம் எனக்கு. என்னை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் நின்று என்ன பார்த்தார்? என் கோட்டையா, சப்பாத்தையா, இவர் என்னை எப்படி வைத்திருக்கிறார் என்றா? எதையோ பொறுக்கிக்கொண்டு போய் யாருக்கோ சொல்லத்தான் வந்தவர் என்று முடிவு கட்டிவிட்டேன். பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் மாமியைக் கவனிக்கத் தொடங்கினேன். சும்மா சொல்லக்கூடாது, கவனிக்க நிறைய இருந்தது.

மாமி ஒருவரையும் நம்பமாட்டார். குணம், பொழுதுபோக்கு, பக்தி எல்லாம் அவருக்கு அதுதான். பால் போத்தலில் போட்டிருக்கிற திகதியை நம்பாமல் கடைக்குள்ளேயே மூடியைத் திறந்து மணந்து பார்ப்பார். அடுத்த பஸ் இப்போது வரும் என்று பஸ் நிறுத்தத்தில் எழுத்து ஓடினால் "அது சொல்லும்" என்பார். டொக்டர் மருந்து எழுதித் தந்தால் வெளியில் இருக்கிற நோயாளிகளிடம் ஒருக்கா விசாரிப்பார். வெஸ்ட் ஈலிங் கோயிலுக்கு எங்களோடு வந்தால் அம்பாளைக் கும்பிட்ட கையோடு சப்பாத்து வைக்கிற இடத்துக்கு வந்து நின்றுவிடுவார். யார் யாருக்காகக் காத்து நிற்கிறார்கள், யார் யாரை விட்டுவிட்டு முன்னால் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். சிரிக்கிற ஆட்களில் கூடுதல் சந்தேகம். "சிரிச்சுக்கொண்டு வாசலிலை நிக்கிறவன் வாசலை மறிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறான்" என்று ஒருநாள் சொன்னார். எனக்கு நாள் முழுக்கச் சிரிப்பு.

இன்னொரு பழக்கம். யாருடைய வீட்டுக்குப் போனாலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குனிந்து, அதன் மூக்கு வாசலைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைப்பார். "என்ன மாமி, தேத்தண்ணி வர முதலே ஓடப்போறியளோ?" என்று கேட்டேன்.

"ஓட வேண்டி வந்தால் குனிஞ்சு திருப்ப நேரம் இருக்காது பிள்ளை."

இப்படிப்பட்ட ஆளை எங்கள் சனம் சும்மா விடுமா? ஒரு சம்பந்தம் வந்தால், சாதகம் பொருந்தினாலும் படம் பிடித்தாலும், "ஒருக்கா விசாரிப்பம்" என்று ஒரு கட்டம் எங்களிடம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். குட்மேய்ஸில் அந்த ஆள் மாமி. ஒரு சதம் வாங்கமாட்டார், ஒரு சேலை வாங்கமாட்டார். ஒரேயொரு நிபந்தனைதான்: காரில் ஏறமாட்டார். ஸ்ரேசனில் இறங்கி மாப்பிள்ளை வீடுவரைக்கும் நடப்பார். திரும்பி நடப்பார். பிறகு இன்னொருதரம் நடப்பார். ஏனென்று கேட்டால், "நடந்தால்தான் பிடிபடும்" என்பார். என்ன பிடிபடும் என்று சொல்லமாட்டார்.

விசாரித்துவிட்டு வந்து அவர் சொல்லுகிற சேதிகளும் அப்படித்தான். பெடியனுக்கு என்ன படிப்பு, குடிப்பானா என்ற கதையெல்லாம் மற்றவர்கள் சொல்லுவார்கள். மாமி, "பூட்டு வெளியாலை போட்டிருக்கு" என்பார். "அந்த வீட்டுப் பொம்பிளையிட்டைத் திறப்பு இல்லை" என்பார். கேட்ட தாய்மார் சாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதோடு சம்பந்தம் முடிந்தது.

குரோய்டனுக்குக் கட்டிப்போன பிள்ளையின் கதைதான் மாமிக்குப் பெரிய கெட்டபெயர். அந்த இடம் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள், மாமி மட்டும் வாய் திறக்கவில்லை. கலியாணம் நடந்தது. மணவறைக்குப் போக முதல் உடுப்பு மாற்றுகிற அறையில் மாமி அந்தப் பிள்ளையின் காதுக்குள் நெடுநேரம் ஏதோ குசுகுசுத்தார் என்று கண்டவர்கள் சொன்னார்கள். சில மாதம்தான். ஒருநாள் விடிய அந்தப் பிள்ளை தாய் வீட்டு வாசலில் வந்து நின்றது. பையில்லை, போனில்லை. உடுத்த உடுப்பும், காலில் நல்ல சப்பாத்தும். "பிள்ளையின்ரை மனதைக் கலைச்சு அனுப்பினவ இவதான்" என்று சனம் சொன்னது. மாமியிடம் யாரோ நேரிலேயே கேட்டார்களாம். "பிள்ளை சாப்பிட்டிட்டுதோ?" என்று மட்டும் திருப்பிக் கேட்டாராம். நெஞ்சழுத்தக்காரி என்று நானும் சேர்ந்து சொன்னேன்.

இனி என் தங்கச்சியின் கதைக்கு வருகிறேன். எனக்கும் அவளுக்கும் நிறைய வயது இடைவெளி. அப்பா போனபிறகு அம்மாவையும் அவளையும் இங்கே கூப்பிட்டது நாங்கள்தான். படித்தாள், வேலை எடுத்தாள், வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது. டூட்டிங்கில் ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. அம்மா நான் சொல்லச் சொல்லக் கேளாமல் மாமியை அனுப்பினா. மாமி வந்து, "மூத்த மருமோளின்ரை கோட் மேல்மாடியிலை தொங்குது" என்றார். அவ்வளவுதான். என்ன கோட், எந்தக் கோட்? அம்மா பயந்துபோய் வேண்டாம் என்றுவிட்டா. தங்கச்சி ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் ஹொலண்ட் மாப்பிள்ளை. சின்ன வயதில் தாய் தகப்பனோடு அகதியாகப் போனவர், டெல்ஃப்ற் என்கிற பழைய கால்வாய்ப் பட்டினத்தில் எஞ்சினியர். தங்கச்சி போனில் கதைத்தாள், சிரித்தாள், முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அம்மா வழக்கம்போல, "மாமியை ஒருக்கா..." என்று தொடங்கினா. தங்கச்சி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, சீரியஸாச் சொல்லுறன். இந்த முறையும் அந்த மாமி கோட்டு, பூட்டு எண்டு கதை கொண்டுவந்தா, எனக்கு இனி ஒருத்தரும் வேண்டாம். பினிஷ்."

கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் முடிவெடுத்தேன்: மாமியோடு நானும் போவது. அவர் மாப்பிள்ளையை விசாரிக்கட்டும், நான் அவரை விசாரிக்கிறேன்.

ஞாயிறு மத்தியானம் மாப்பிள்ளை வீட்டில் சாப்பாடு, அது முறைப்படி. மாமி சனிக்கிழமையே போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ரொட்டர்டாம் வரைக்கும் ஒரு ரயில், அங்கிருந்து சின்ன ரயில். டெல்ஃப்றில் ரயில் நிலத்துக்குக் கீழே நிற்கிறது. மேலே ஏறி வந்தால் கண்ணாடிக் கட்டடம். மாமி வெளியில் வந்தவர் நடக்காமல் நின்றார். திரும்பித் திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தார்.

"எங்கடை நெடுந்தீவுக்கும் ஒல்லாந்தர் இந்த டெல்ஃப்ற் எண்ட பேரைத்தானே வைச்சவங்கள்" என்றார். "அங்கை வள்ளம் வராட்டி ஒருத்தரும் வெளிக்கிடேலாது. இஞ்சை எப்பிடியோ பார்ப்பம்."

நான் போனில் வரைபடத்தை எடுத்தேன்.

"அதை உள்ளை வை. போனைப் பறிச்சுப்போட்டால் என்ன செய்வாய்?"

"ஆர் மாமி பறிக்கிறது? இது ஹொலண்ட்."

"ஆரெண்டு பறிக்கும்போதுதானே தெரியும்."

அழகான ஊர் என்று சொல்லத்தான் வேண்டும். நடுவில் பச்சைத் தண்ணீர், இரண்டு கரையிலும் ஒடுங்கி உயர்ந்த செங்கல் வீடுகள், முதுகு வளைந்த சின்னச் சின்னப் பாலங்கள். தண்ணீர் ஓரத்தில் ஒரு கம்பிகூடக் கிடையாது, கால் இடறினால் உள்ளேதான். என்ன கரைச்சலென்றால் ஒரு கால்வாயைப் போலத்தான் அடுத்ததும். ஒரு பாலத்தைத் தாண்டித் திரும்பினால் வந்த இடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கும். எனக்குத் தலை சுற்றியது. மாமிக்குச் சுற்றவில்லை. ஒவ்வொரு முடக்கிலும் நின்று பின்னால் திரும்பிப் பார்ப்பார், பிறகுதான் அடுத்த அடி. சைக்கிள்காரர் மணி அடித்துத் திட்டிக்கொண்டு விலகிப்போனார்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் பழைய தேவாலயம் ஒன்று, கோபுரம் சரிந்து நிற்கிறது. நூற்றாண்டுகளாக அப்படித்தான் நிற்கிறதாம்.

"கோயிலே நேரா நிக்கேல்லை. இந்த ஊரை என்னெண்டு நம்புறது?" என்றார் மாமி. ஆனால் அந்தக் கோபுரத்தில் அவருக்கு என்னவோ பிடித்துப்போயிற்று. போகும்போதும் வரும்போதும் அண்ணாந்து பார்த்தார்.

அங்கே சனம் வீட்டுக்குத் திரை போடுவதில்லை. கால்வாயோரம் நடந்தால் சாப்பாட்டு மேசை, புத்தக அலுமாரி, தூங்குகிற பூனை எல்லாம் தெரியும். மாமிக்கு அதுவும் சந்தேகம். "இவ்வளவையும் காட்டினால், காட்டாதது எங்கை இருக்கு?" என்றார். அப்படியே போய்க்கொண்டிருந்தவர் ஒரு வீட்டுக்கு எதிரில் நின்றார். அந்த வரிசையில் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வெள்ளை வலைத்திரை, அதற்குப் பின்னால் இன்னொரு தடித்த திரை.

"எங்கடை ஆக்கள்" என்றார். இலக்கத்தைப் பார்த்தேன். அதுதான் வீடு!

எதிர்க்கரையில் ஒரு மரத்துக்குக் கீழே நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா சாமான் பையோடு வந்து, தன் கைப்பைக்குள்ளிருந்து திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தா. மாப்பிள்ளையின் தாய், படத்தில் கண்ட முகம். மாமி தலையை ஆட்டினார். "திறப்பு மனிசியிட்டை இருக்கு."

பிறகு மாப்பிள்ளை வந்தார். கையில் ஒரு பெரிய கட்டுப் பூ.

"ஆருக்குப் பூ?" என்றார் மாமி. குரல் கத்தி மாதிரி இருந்தது. எங்கள் ஆண்பிள்ளை ஒருவன் கோயிலுக்கல்லாமல் பூவோடு போனால் வேறு என்ன நினைக்கிறது? வேறு தெருவுக்குத் திரும்பப்போகிறான், வேறு கதவு திறக்கப்போகிறது என்று மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் நேரே தன் வீட்டுக்குள் போனார். வலைத்திரை விலகியது, தாய் பூவைச் சாடிக்குள் வைத்து ஜன்னலில் வைத்தா. சுற்றிப் பார்த்தால் அந்தத் தெருவில் ஜன்னலுக்கு ஜன்னல் புதுப்பூ. சனிக்கிழமைக்கு அது அங்கத்தைய வழக்கமாம்.

"பார்த்தீங்களோ? தாய்க்கு!" என்றேன் வெற்றியோடு.

"முப்பத்தஞ்சு வயதுப் பெடியன்மார் தாய்க்குப் பூ வாங்கிறதை நான் காணேல்லை. இன்னும் ஒருக்கா நடப்பம்" என்றார்.

இன்னும் ஒருக்கா இல்லை, நாலைந்து தரம். பிறகு என்னைத் தேவாலயத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னார். எனக்கு விளங்கிவிட்டது, என்னைக் கழற்றப் பார்க்கிறார். உள்ளே போகிற மாதிரிப் போய் மறைந்து நின்று பார்த்தேன். மாமி தனியாக மாப்பிள்ளை வீட்டு வாசல்வரை போனார். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். அங்கிருந்து நடக்கத் தொடங்கினார். வாய் முணுமுணுக்கிறது. இடக்கையைத் தண்ணீர்ப்பக்கம் நீட்டுகிறார், மடக்குகிறார். செய்வினை ஏதும் செய்கிறாரோ என்றுகூட நினைத்தேன், கடவுளே! தங்கச்சியின் வாழ்க்கையை இந்த மனிசியின் கையில் கொடுத்தோமே என்று அழுகை வந்தது.

மறுநாள் சாப்பாடு. மாமி வழக்கம்போலச் சப்பாத்தைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். நண்டுக் குழம்பு, புட்டு, எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் தாய் எனக்குக் குழம்பு விட்டுக்கொண்டே கேட்டா:

"நேற்று எங்கடை றோட்டாலை கனதரம் போய்வந்தனீங்கள் போலை?"

எனக்குச் சீவன் போய்விட்டது. அவ சிரித்துக்கொண்டு ஜன்னலைக் காட்டினா. ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னக் கண்ணாடி, கம்பியில் சரித்துப் பூட்டியிருக்கிறது. உள்ளே இருந்தபடி தெரு முழுவதும் பார்க்கலாம். யார் வருகிறார்கள் என்று பார்க்க அந்தக் காலத்து ஹொலண்ட்காரர் பூட்டினதாம். பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது.

"ஊதாக் கோட் போகுது, வருகுது, போகுது. பெடியனும் நானும் ஒரே சிரிப்பு" என்றா.

நான் புட்டுக்குள் முகத்தைப் புதைத்தேன். மாமி அசையவில்லை. "ஓம். நான்தான். இந்தக் கண்ணாடி நல்ல சாமான், ஆர் பூட்டினாலும்" என்றார். பிறகு, "பின்கதவு எங்கை போகுது தம்பி?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார். ஏணி மாதிரி நிமிர்ந்த மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்தார். எனக்கு அங்கேயே கால்வாய்க்குள் குதித்துவிடலாம் போல இருந்தது.

திரும்பிவரும் ரயிலில் நேரே கேட்டுவிட்டேன். "மாமி, எங்கடை வீட்டை போய் என்ன சொல்லப்போறியள்?"

"பிழையில்லை எண்டு சொல்லுவன்."

"பிழையில்லை எண்டால்? நல்ல பெடியன்தானே?"

"நல்லவனோ எண்டு ரெண்டு நாளிலை ஆருக்குப் பிள்ளை தெரியும்? அதுக்காகவே நான் உவ்வளவு நடந்தனான்?"

"அப்ப எதுக்கு?"

மாமி கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையோ நடிப்போ, லண்டன் வரைக்கும் திறக்கவில்லை.

கலியாணம் இல்ஃபர்ட் பக்கத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. குரோய்டன் கதை எனக்கு மறக்கவில்லை. உடுப்பு மாற்றுகிற அறை வாசலில் நானே காவல். ஆனாலும் ஐயர் கூப்பிடுகிறார் என்று போய்த் திரும்பி வந்தால், உள்ளே ஊதாக் கோட்! கூறைச்சேலையோடு நிற்கிற தங்கச்சியின் காதுக்குள் மாமி குசுகுசுக்கிறார். தங்கச்சியின் உதடும் அசைகிறது. என்னைக் கண்டதும் மாமி விலகி, ஒரு பெட்டியை அவளுடைய கையில் கொடுத்தார். அம்மா திறந்து பார்த்துவிட்டுக் கத்தினா. உள்ளே தட்டையான ஒரு கறுப்புச் சப்பாத்து.

"மணவறைக்குப் போற பிள்ளைக்குச் செருப்புக் குடுக்கிறியளோ? உங்களுக்கு விசரோ?"

"செருப்பில்லை, சப்பாத்து. மழைக்கு நல்லது" என்றுவிட்டு மாமி போய்ச் சாப்பாட்டு வரிசையில் நின்றார்.

நான் தங்கச்சியைப் பிடித்தேன். "என்னடி சொன்னவ?"

"ஒண்டுமில்லையக்கா."

அந்த "ஒண்டுமில்லை" எட்டு வருடம் என்னை அரித்தது. முதல் மாரியில் ஒரு கிழமை தங்கச்சியின் குரல் போனில் சரியில்லை. கேட்டால் தடிமன் என்றாள். நான் நேரே வேலியடிக்குப் போனேன். மாமி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமி, என்ரை தங்கச்சிக்கு என்ன சொல்லி விட்டனீங்கள்?"

"அவ சொல்லேல்லையோ?"

"இல்லை."

"அப்ப நல்ல பிள்ளை" என்று அடுத்த துணியை உதறினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும், இதோ குரோய்டன் கதை எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று ஓடிப்போய் எடுப்பேன். ஒன்றும் வரவில்லை. பிள்ளையும் பிறந்தது.

போன மாரியில் மாமி போய்விட்டார். ஒரு கிழமை ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். தங்கச்சி குடும்பத்தோடு செத்தவீட்டுக்கு வந்தாள். அவள் வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. எல்லாம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினாள். அந்தக் கறுப்புச் சப்பாத்து. அடி தேய்ந்து புதிதாக அடித்திருந்தது. குனிந்து, மூக்கு வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

இவரும் மச்சானும் ஹோலில் ரிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குசினிக் கதவைச் சாத்தினேன். "இண்டைக்குச் சொல்லு. என்ன சொன்னவ?"

தங்கச்சி சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது.

"வழி சொன்னவ, அக்கா."

"என்ன வழி?"

"வீட்டிலையிருந்து ஸ்ரேசனுக்கு. 'கதவைத் திறந்தால் வலப்பக்கம். தண்ணி உன்ரை இடக்கைப் பக்கமே இருக்கோணும். சரிஞ்ச கோபுரத்தைத் தாண்டி நட. பிறகு தண்ணியை விட்டு வலக்கைப் பக்கம் திரும்பு, கண்ணாடிக் கட்டடம் தெரியும். இப்ப நீ சொல்லு.' மணவறைக்குப் போற நேரம், நான் பாடமாக்கிச் சொல்லும்வரைக்கும் விடேல்லை. விசர் மனிசி எண்டு நினைச்சன். ஏன் மாமி இதெல்லாம் எண்டு கேட்டன். 'நான் கட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்து ரெண்டு வருஷம், அந்த வீட்டு வாசலிலையிருந்து பஸ் எந்தப் பக்கம் எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை' எண்டவ. 'அக்காவுக்குச் சொல்லாதை, அவ பயப்பிடுவா' எண்டும் சொன்னவ."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் நிறுத்தவில்லை, அவள்தான் நிறுத்தினாள்.

"முதல் மாரியிலை ஒருநாள் இவரோடை பெரிய சண்டை. வாய்ச்சண்டைதான், இவரை அப்பிடி நினைக்காதையுங்கோ. மழை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டன். போனை எடுக்கேல்லை. இருட்டுக்குள்ளையும் கால் தன்பாட்டிலை போகுது அக்கா, தண்ணி இடப்பக்கம், கோபுரம், எல்லாம் அவ சொன்ன மாதிரியே. ஸ்ரேசனிலை போய் இருந்தன். ரயில் வந்தது, போச்சுது."

"பிறகு?"

"போகத் தெரியும் எண்டு தெரிஞ்சுது. பிறகு பசிச்சுது. வீட்டை வந்திட்டன்."

குரோய்டன் பிள்ளையின் காலில் கிடந்த சப்பாத்து எனக்கு ஞாபகம் வந்தது. மேல்மாடியில் தொங்கின கோட்டும் ஞாபகம் வந்தது. வெளியே போகிறவளின் கோட் வாசலடியிலல்லவா தொங்கும், ஏன் மேல்மாடியில் தொங்கப்போகிறது? இத்தனை வருடம் இது என் மண்டைக்குள் ஏறவில்லை.

தங்கச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, உங்களுக்கும் வழி காட்டினவவோ?"

ஒரு குளிர்காலக் காலை, விறைத்த காது, பின்னால் சத்தமில்லாமல் வந்த ஊதாக் கோட். பிழையான முடக்கில் திரும்பினபோதும் வாய் திறக்காமல், நானாகக் கண்டுபிடிக்கும்வரை நின்ற மனிசி. அந்த மனிசிக்கு நான் திரையை இழுத்து இழுத்து மூடினேன்.

எழுந்து வாசலுக்குப் போனேன். என் சப்பாத்து சுவரைப் பார்த்தபடி கிடந்தது. குனிந்து திருப்பி வைத்தேன். ரிவியில் இருந்து தலையை எடுத்த இவர், "என்ன அங்கை செய்யிறீர்?" என்றார்.

"ஒண்டுமில்லை" என்றேன்.

இவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.